ஜோடி என்ன விலை?

மூர் மார்க்கெட்டில் என் அப்பா எதையும் ஒற்றையாக விற்றதில்லை. புறாவென்றால் ஜோடி, லவ் பேர்ட்ஸென்றால் ஜோடி. புறா ஜோடி சேர்ந்தால்தான் கூண்டில் ஒட்டும். முட்டைமேல் ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்காரும், குஞ்சுக்கு இரண்டுமே ஊட்டும். அந்தத் தொழிலுக்கு ஜோடி நியாயமான கணக்கு. பக்கத்துக் கடையில் வெள்ளை முயல் வந்து இறங்கியபோது அதையும் ஜனங்கள் "ஜோடி என்ன விலை?" என்றுதான் கேட்டார்கள். 1900-ல் திறந்த அந்தக் கட்டடம் 1985 மே 30 அன்று எரிந்துபோனது. வியாபாரம் அல்லிக்குளம் பக்கமும், ஞாயிற்றுக்கிழமைகளில் பிராட்வே பக்கமும் போனது. நாங்கள் பூந்தமல்லி தாண்டி நசரத்பேட்டைக்கு வந்து சேர்ந்தோம். ஜோடிப் பேச்சும் கூடவே வந்தது. இன்று இந்தப் பக்கத்து மொட்டை மாடிக் கூண்டுகளில் மாதம் தவறாமல் குட்டி விழுவதற்கு அந்தப் பேச்சுதான் காரணம் என்று அடித்துச் சொல்வேன்.

கூண்டு முயல் நம் ஊர்ப் பிராணியே அல்ல. சங்கப் பாடல்களில் வரும் குறுமுயல், நம் புதர்க்காட்டில் ஓடுகிற முயல். அது வளை தோண்டாது. அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். கூண்டு முயலின் பூர்வீகம் ஸ்பெயின் பக்கம். அது பெருகி விளைச்சலைத் தின்று தீர்த்ததால், பலேரிக் தீவுக்காரர்கள் அகஸ்டஸ் பேரரசரிடம் படை உதவி கேட்டார்கள் என்று பிளினி எழுதியிருக்கிறார். 15-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் போர்ட்டோ சான்டோ தீவுக்குக் கப்பலில் கொண்டுபோன சினை முயல் வழியிலேயே ஈன்றது. தாயையும் குட்டிகளையும் கரையில் விட்டார்கள். பயிர் எதுவும் மிஞ்சாமல், குடியேறியவர்கள் தீவையே விட்டுப் போக வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் முயலை முறையாக வளர்த்த இடங்கள் உண்டு. கொடைக்கானல் மேல்மலையில், 1965-ல் தொடங்கிய மன்னவனூர் மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா. கால்நடைப் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் பண்ணை. (நமக்குப் பக்கத்தில் பூந்தமல்லிச் சாலையில் இருக்கும் காட்டுப்பாக்கம் இல்லை, பொத்தேரிப் பக்கத்தது. அதைத் தேடி இங்கே வந்து இறங்கியவர்கள் உண்டு.) இப்படிப்பட்ட பண்ணைகளில் ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் குடிவைப்பதில்லை. பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோவார்கள். சேர்ந்ததும் திருப்பிக் கொண்டுவந்து, தேதியை அட்டையில் எழுதித் தொங்கவிடுவார்கள். அந்த அறிவு பண்ணையோடு நின்றுவிட்டது. கடைக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை.

பெண் முயலுக்கு மாட்டைப் போலப் பருவச் சுற்று கிடையாது. ஆணோடு சேர்ந்த பிறகுதான், பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில், கருமுட்டை வெளிப்படும். ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கவும் அதனால் முடியும். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். ஈனும் நாள் நெருங்கியதும் வாய் நிறைய வைக்கோலைக் கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடும். வயிற்று ரோமத்தைத் தானே பிடுங்கி மெத்தை போடும். குட்டிகள் ரோமமில்லாமல், கண் மூடி, செக்கச்செவேலென்று அந்த மெத்தைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். தாய் நாளைக்கு ஓரிரு முறைதான், அதுவும் சில நிமிடம்தான், பால் கொடுக்கும். இதைப் பார்த்து, தாய் கவனிக்கவில்லை, அப்பன் இருந்தால் பார்த்துக்கொள்வான் என்று ஆணைக் கூடவே விடுகிறார்கள். அது புறா வளர்த்த புத்தி. அப்பன் முயல் குட்டி பார்க்காது. அடுத்த மாதம் இன்னொரு ஈற்றுதான் வரும்.

அப்படித் தாய் மறுபடி சினையாகிவிட்டதாக என்னைத் தேடி வருபவர்களிடம் சொல்வது இதுதான். முதலில் ஆணை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். முதல் ஈற்றுக் குட்டிகள் மூன்றாவது வாரத்திலேயே தீவனம் கொறிக்கத் தொடங்கியிருக்கும். 28-ஆவது நாள் வாக்கில் அவற்றைத் தனிக் கூண்டில் விட்டு, புதிய ஈற்றுக்குச் சுத்தமான பெட்டியும் வைக்கோலும் வையுங்கள். பெரிய குட்டிகள் புதிதாகப் பிறந்த குட்டிகளை மிதித்துவிடும், பாலுக்கும் போட்டி போடும். தாய் ஒரே நேரத்தில் பாலும் கொடுத்து வயிற்றிலும் சுமந்திருக்கிறது. அடர்தீவனத்தைக் கூட்டுங்கள், வேலிமசாலோ அகத்தியோ தாராளமாகக் கொடுங்கள், தண்ணீர் வற்ற விடாதீர்கள். மூன்று மாதம் ஆவதற்குள் குட்டிகளில் ஆண் பெண்ணைப் பிரித்துவிடுங்கள். அண்ணன் தங்கை என்ற கணக்கெல்லாம் அவற்றுக்குக் கிடையாது. ஆணுக்குக் கருத்தடை செய்தால்கூட அன்றே சேர்த்து வைக்காதீர்கள். ஒன்றரை மாதம் வரை சினை பிடிக்க வாய்ப்பு உண்டு.

கடைக்குப் போனால், ஜோடி கேட்காதீர்கள். துணை வேண்டுமென்றால் கூடப் பிறந்த இரண்டு பெண்ணாகக் கேளுங்கள். வாங்குவதற்கு முன் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டி, இரண்டும் பெண்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.