வண்டியை நிறுத்து, பெயரைச் சொல் - ஒரு சட்டத்தின் கதை

சிக்னலில் பச்சை விழுகிறது. முன்னால் நின்ற கார் கிளம்பத் தாமதமாகிறது, பின்னால் வந்த கார் லேசாக இடித்துவிடுகிறது. பம்பரில் ஒரு கீறல், உடைந்த ஒரு லைட், அவ்வளவுதான். ஆனால் இரண்டு நிமிடத்தில் கூட்டம் கூடிவிடும். "யார் மேல தப்பு?" என்ற பஞ்சாயத்து ஆரம்பமாகும். சிலர் பணம் கொடுத்து முடித்துக் கொள்வார்கள், சிலர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடியே விடுவார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் தெளிவான விதிகள் இருக்கின்றன. அவை ஒரே நாளில் வந்துவிடவில்லை. நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு அவற்றுக்குப் பின்னால் இருக்கிறது.

முதல் விபத்துகள்

1896 மே மாதம் நியூயார்க்கில் ஒரு மோட்டார் வண்டி சைக்கிளில் வந்த ஒரு பெண் மீது மோதியது. அவருக்குக் கால் முறிந்தது. ஓட்டுநரை ஒரு ராத்திரி சிறையில் வைத்தார்கள். அதே வருடம் ஆகஸ்ட் 17 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண் கார் மோதி இறந்தார். பிரிட்டனில் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான். விசாரணையில் இது தற்செயலான மரணம் என்று முடிவானது. யார் மீதும் வழக்கு இல்லை.

கார்கள் பெருகியதும் புதிய சிக்கல் வந்தது. குதிரை வண்டிக்காரர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர், முகம் தெரியும். கார்க்காரரோ இடித்துவிட்டு வேறு ஊருக்கே போய்விடுவார். அதனால்தான் பிரிட்டன் 1903ல் கொண்டுவந்த மோட்டார் கார் சட்டம் ஒவ்வொரு வண்டிக்கும் நம்பர் பிளேட் கட்டாயம் என்றது. விபத்து நடந்தால் வண்டியை நிறுத்த வேண்டும், கேட்டால் பெயர், முகவரி, வண்டி எண் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும் என்றும் விதித்தது. இன்றைய விதிகளுக்கு வேர் இதுதான்.

பணம் யார் தருவது?

பெயர் தெரிந்தால் மட்டும் போதுமா? இடித்தவரிடம் பணமே இல்லை என்றால் கோர்ட்டில் ஜெயித்தும் பயன் இல்லை. இதற்குத் தீர்வாக அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1927ல் கார் இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் 1930ம் வருடச் சட்டத்தின் மூலம் அதையே செய்தது. "மூன்றாம் நபர் காப்பீடு" என்று சொல்வது இதைத்தான். வண்டிக்காரர் முதல் நபர், கம்பெனி இரண்டாம் நபர், அடிபட்டவர் மூன்றாம் நபர். பிரீமியம் கட்டுவது ஒருவர், பாதுகாப்பு கிடைப்பது முன்பின் தெரியாத இன்னொருவருக்கு!

இந்தியாவில் 1914லேயே மோட்டார் வாகனச் சட்டம் வந்துவிட்டது. அதை மாற்றி 1939ல் விரிவான சட்டம் வந்தது. ஆனால் அதிலிருந்த கட்டாய இன்சூரன்ஸ் அத்தியாயம் 1946 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. 1956ல் செய்த திருத்தம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. அப்போதும் ஓட்டுநர் மீது தவறு என்று நிரூபித்தால்தான் பணம். 1980ல் ஒரு பேருந்து விபத்து வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், தவறை நிரூபிக்காமலே இழப்பீடு தரும் சட்டம் வேண்டும் என்று வற்புறுத்தினார். 1982ல் அது வந்தது. இறப்புக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய். தொகை சிறியதுதான், ஆனால் கொள்கை பெரியது.

இன்றைய விதி

இப்போது நடைமுறையில் இருப்பது 1988ம் வருடச் சட்டம். அதன் 134வது பிரிவுதான் முக்கியமானது. ஒருவருக்குக் காயம் பட்டாலோ, இன்னொருவர் சொத்து சேதமானாலோ இது பொருந்தும். அதாவது பம்பர் கீறலுக்கும் பொருந்தும்!

1. காயம் பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும்.
2. போலீஸ் அதிகாரி கேட்டால் விவரம் தர வேண்டும். அங்கே போலீஸ் இல்லையென்றால் கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகில் உள்ள காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும்.
3. பாலிசி எண், விபத்து நடந்த நாள், நேரம், இடம், ஓட்டுநர் பெயர், லைசென்ஸ் விவரம் ஆகியவற்றை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தர வேண்டும்.

132வது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் கேட்டால் ஓட்டுநர் பெயரும் முகவரியும் தர வேண்டும், ஆனால் கேட்பவரும் தன்னுடையதைத் தர வேண்டும். சண்டைக்குப் பதிலாகப் பரிமாற்றம்.

அப்படியும் ஏன் ஓடுகிறார்கள்?

ஒரு காரணம் கணக்கு. ஒரு வருடம் க்ளெய்ம் செய்யாவிட்டால் சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி, படிப்படியாக 50 சதவீதம் வரை போகும். சின்னக் கீறலுக்காக அதை இழக்க யாருக்கும் மனம் வராது. சொந்த வண்டிக்குத் தானே செலவு செய்துகொள்வது தப்பில்லை. ஆனால் எதிராளிக்கு அடிபட்டிருந்தால், சாலையோரத்தில் பணம் கொடுத்துவிட்டதால் போலீசுக்குச் சொல்லும் கடமை தீர்ந்துவிடாது.

இன்னொரு காரணம் பயம். கூட்டம் அடிக்கும் என்ற பயம். இதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் சிகிச்சைக்கு உதவாதது குற்றமில்லை என்று 134வது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, மரணம் விளைவித்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்றபோது, 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் போராடினார்கள். நின்றால் அடி, ஓடினால் சிறை என்பது அவர்கள் வாதம். அந்த வருடம் ஜூலை 1 அன்று மற்ற பிரிவுகள் அமலுக்கு வந்தன, அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

உதவ வருபவருக்கும் பயம் இருந்தது. அதைப் போக்க 2016ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்களை ஏற்றது. 2019ம் வருடத் திருத்தத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. உதவியவர் மீது வழக்குப் போட முடியாது, தன் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

1903ல் ஓட்டுநரிடம் கேட்டது இரண்டே விஷயம்: நில், பெயரைச் சொல். அதன் பிறகு வந்த சட்டங்கள் எல்லாம் அவர் தைரியமாக நிற்பதற்கான ஏற்பாடுகள்தான். ஆனால் அந்த இடத்தில் கூடும் கூட்டத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. "யார் மேல தப்பு?" என்று கேட்கும் முன் "யாருக்காவது அடிபட்டதா?" என்று கேட்டால், ஓடும் கார்களில் சிலவாவது நிற்கும்.