பிரட்டுக் களமும் பேச்சு மேசையும்

ராகலை மலைச்சரிவில் பனி விலகுமுன் பிரட்டுத் தப்பு முழங்கிய காலம் ஒன்றுண்டு. எந்த மலையில் வேலை, எவ்வளவு கொழுந்து என்பதைத் துரை சொல்வார், கங்காணி எடுத்துரைப்பார், தொழிலாளர் கேட்டு நடப்பர். அத்துரையும் தனியரசர் அல்லர். தேயிலைக் கம்பனிகள் பலவற்றின் இயக்குநர் சபை இலண்டனில் கூடிற்று; அவற்றின் முகவர் நிறுவனங்கள் கொழும்பில் இருந்தன. உத்தரவு அங்கிருந்து மலைக்கு ஏறியது. இலாபம் மலையிலிருந்து இறங்கியது. தொழிலாளியின் சொல்லுக்கோ வழியே இருக்கவில்லை.

அவ்வழியைத் திறக்க நெடுங்காலம் சென்றது. கங்காணிக்கிருந்த கடனோடு தொழிலாளியைப் பிணைத்த துண்டுமுறை 1921இல் ஒழிந்தது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானார். அவ்வாண்டிலேயே தோட்ட முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் ஏழம்ச உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டனர். களத்தில் நின்று கேட்டவர், சங்கத்தின் வாயிலாக மேசையில் அமர்ந்து பேசும் உரிமை பெற்றார்.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. உடைமையாளர் மாறினர், உத்தரவு இறங்கும் முறை மாறவில்லை. 1992இல் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குச் சென்றது. பின்னர் பங்குகள் விற்கப்பட்டபோது, நூற்றுக்குப் பத்து ஊழியருக்கு ஒதுக்கப்பட்டது. கொழுந்து பறிப்பவர் பங்காளரானது பெருஞ்செய்தியே. ஆயினும் பெரும்பான்மைப் பங்கு கம்பனியை நடத்துவோர் கையிலிருந்தது. இயக்குநர் சபையில் தொழிலாளர் தெரிவுசெய்யும் ஆசனத்தை அச்சிறு பங்கு பெற்றுத் தரவில்லை.

பங்கு வேறு, சொல் வேறு. ஜெர்மனியில் 1951ஆம் ஆண்டுச் சட்டம், நிலக்கரி, உருக்குக் கம்பனிகளின் மேற்பார்வைச் சபைகளில் தொழிலாளருக்குச் சரிபாதி இடமளித்தது. ஆங்கே தொழிலாளர் பங்கு வாங்கிச் சபை ஏறவில்லை. உழைப்பின் உரிமையாலேயே ஏறினர்.

மலையகத்தில் அவ்விடத்தை ஓரளவு நிரப்பியது கூட்டு ஒப்பந்தமே. சம்பளத்தோடு வேலை நியமங்களும் அங்கே பேசப்பட்டன. 2021இல் சம்பளச் சபை வாயிலாக நாட்சம்பளம் 1000 ரூபாயென விதிக்கப்பட்டபோது கம்பனிகள் அவ்வொப்பந்தத்தினின்று விலகின. சம்பளம் உயர்ந்தது, மேசை கலைந்தது. ஒரு நாட்பெயருக்கு எத்தனை கிலோக் கொழுந்து என்ற கேள்வி மறுபடியும் மலைக்கே திரும்பி, தோட்டந்தோறும் பிணக்காயிற்று. அதன் பாரத்தைக் கூடைசுமக்கும் பெண்களே முதலில் உணர்ந்தனர்.

சட்டம் கூலியை உயர்த்தலாம். அக்கூலி எவ்வாறு அளக்கப்படும் என்பதிற் சொல்லுரிமை இல்லையேல், உயர்ந்த கூலியும் தராசுத் தட்டிலே குறைந்துவிடும். நூறாண்டு மலையக வரலாறு உணர்த்தும் பாடம் இதுவே.