செய்தி சுமந்தவர்கள்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் 14 நாடுகள் உள்ளன. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு எனச் செல்லும் அவ்வரிசையில் குண்டனி நாடும் ஒன்று. இன்று இவை ஊராட்சிகளின் பெயர்கள். ஆனால், அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடையே ‘நாடு’ என்பது நிலத்தின் எல்லையை மட்டும் குறித்த சொல்லன்று. நன்மைக்கும் தீமைக்கும் கூடிவரக் கடமைப்பட்ட மக்களையும் சேர்த்தே அது குறித்தது எனலாம். ஊருக்கு ஒரு கவுண்டர், அவருக்கு மேல் பட்டக்காரர் என அமைந்திருந்த அச்சமூகத்தில், செய்தி என்பது ஓர் ஆள் நடந்து சென்று சொல்வதாகும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சாலை அன்று இல்லை.

காஞ்சியிலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது இம்மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அது வரலாறுதானா என்னும் ஆய்வு இங்கே வேண்டுவதில்லை. கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் சேர்வராயன் மலையிலும் பிரிந்து கிடந்தோர், ஒரு வரி எழுதிக்கொள்ளாமலேயே தம்மை ஒரு வயிற்றார் எனக் கருதி வந்தனர் என்பதே நாம் கருதத்தக்கது.

இன்று மலையிலும் கைப்பேசி, கடற்கரையிலும் கைப்பேசி. சமூக ஊடகங்கள் மனித உறவை வலுப்படுத்துகின்றனவா, நலியச் செய்கின்றனவா என்னும் வினா எங்கும் எழுந்துள்ளது. பக்கத்து மலைக்கும் செய்தி அனுப்ப இயலாதிருந்தோரின் உறவை மேலே கண்டோம். கடல் கடந்தும் செய்தி அனுப்பியே குடும்பம் நடத்தியோர் நம் கடற்கரை ஊர்களில் இருந்தனர். பிரிவையே வாழ்க்கைமுறையாகக் கொண்ட காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் முதலிய ஊர்களின் வரலாறு இவ்வினாவுக்கு நல்ல உரைகல்லாகும்.

இலங்கை, பர்மா, மலாயா எனச் சபர் சென்ற ஆண்கள் ஆண்டுக்கணக்கில் திரும்புவதில்லை. வீட்டில் இருந்த பெண்டிருள் பலர் தமிழ் எழுத்தைக் கற்றவரல்லர். ஆனால் குர்ஆன் ஓதக் கற்றதனால் அரபு எழுத்தை அறிவர். அவ்வெழுத்தில் சில குறிகளைச் சேர்த்துத் தமிழை எழுதும் அரபுத்தமிழ் அவர்களுக்குக் கைகொடுத்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அவ்வெழுத்தில் மார்க்க நூல்கள் இயற்றியதைப் பலரும் அறிவர். அதே எழுத்தில் ஒரு மனைவி தன் கணவனுக்கு எழுத முடிந்தது என்பதைப் பெரிதாகப் பேசுவார் இல்லை. தன் மனத்தை இன்னொருவரிடம் சொல்லி எழுதவைக்கும் நாணம் அவளுக்கு நேரவில்லை. இது சிறிய பேறா?

1879-இல் காலணா அஞ்சலட்டை வந்தது; மறு ஆண்டு மணியார்டர் வந்தது. ஆயினும், ஊர் திரும்புவோரிடம் கடிதமும் துணிமணியும் கொடுத்தனுப்பும் வழக்கம் மறையவில்லை. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ கப்பல் சிங்கப்பூர், பினாங்கு துறைகளிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் மக்களைக் கொண்டுவந்தது. அப்படி இறங்கி வந்தவர் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று பொருளை ஒப்படைக்க வேண்டும். கடிதம் ‘நலம்’ என்று மட்டும் சொல்லும்; கொண்டுவந்தவரையோ கேள்வி கேட்கலாம். “பிள்ளை மெலிந்திருக்கிறானா? யாரோடு தங்கியிருக்கிறான்? தொழுகைக்குப் போகிறானா?” திரைக்குப் பின்னிருந்து தாய் கேட்க, அவர் திண்ணையில் அமர்ந்து விடை சொல்ல, ஒரு செய்தி மூன்றாவது மனிதர் ஒருவரையும் அவ்வீட்டோடு பிணைத்துவிடும்.

அத்தனை வழிகளும் ஒருசேர அடைபட்ட காலமும் உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூன் போயிற்று. அதன்பின் 1945 வரை வழக்கமான கடிதமும் இல்லை, பணமும் இல்லை. கணவன் உயிரோடு இருக்கிறானா, தான் இத்தா இருக்க வேண்டியவளா என்பதே தெரியாமல் பெண்டிர் காத்திருந்த ஆண்டுகள் அவை. செய்தி அருகியிருந்ததால்தான் அக்கால உறவு உறுதியாயிற்று என்று இன்று பெருமை பேசுவோர், அந்த மூன்றரை ஆண்டுகளை எண்ணிப் பார்த்தல் நலம். காத்திருந்தவளைக் கேட்டால் அப்பெருமை எடுபடாது.

1970-களில் வளைகுடாப் பயணம் தொடங்கியது. பேச்சைப் பதிவு செய்த ஒலிநாடாக்கள் கடிதங்களோடு பறந்தன. மலபாரில் எஸ்.ஏ. ஜமீலின் துபாய்க் கடிதப் பாட்டு புகழ்பெற்றதும் அக்காலத்திலேதான். பிரிந்திருக்கும் மனைவியின் குரலாக எழுந்த பாட்டு அது. ஒலிநாடாவை வீட்டார் சூழ அமர்ந்து கேட்பர். ஆதலால் மனைவிக்கென்று சொல்ல விரும்பியதை அதில் சொல்ல இயலாது. அரபுத்தமிழ்க் கடிதம் தந்த தனிமையை நாடா பறித்தது என்பேன்.

வாட்ஸ்அப் 2009-இல் தோன்றியது. 2016-இல் அதில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்தது. பறிபோன தனிமையை அது திரும்பத் தந்தது. அதனினும் பெரிதாக, தந்தை முகம் அறியாமல் வளரும் குழந்தை என்னும் துயரை அது பெரும்பாலும் போக்கிவிட்டது. முன்பெல்லாம் ஊர் திரும்பியவரைக் கண்டு சொந்தப் பிள்ளையே அஞ்சி அழுவதுண்டு. இந்த ஒன்றுக்காகவே இக்கருவிக்கு நன்றி சொல்லலாம்.

ஆனால் திண்ணையில் அமர்ந்து விடை சொன்ன அந்த மூன்றாமவர் இப்போது இல்லை. அவர் தேவைப்படவில்லை. தூரத்து உறவு கைக்குள் வந்தது. அண்டை வீட்டாரிடம் கேட்டறிய வேண்டிய செய்தி ஏதும் எஞ்சவில்லை. கொல்லிமலையின் நாட்டு முறையிலும் சரி, கடற்கரையின் சபர் வாழ்விலும் சரி, உறவைக் காத்தது செய்தி மட்டுமன்று. அதைச் சுமந்து வாசல்தோறும் ஏறியவரும் சேர்ந்தே காத்தார்.

மௌத்துச் செய்தியை மோதினார் தெருத்தெருவாகச் சொல்லிச் சென்றது ஒரு காலம். இன்று ஊர்க் குழுவில் அது சில நொடிகளில் துபாய்க்கும் கொழும்புக்கும் கோலாலம்பூருக்கும் எட்டுகிறது. ‘இன்னாலில்லாஹி’ என்ற விடை வரிசையாக வந்து நிறைகிறது. அவ்வாறு எழுதியோருள் அடுத்த தெருவில் இருந்துகொண்டே எழுதியவர் எத்தனை பேர் என்று மய்யித்து வீட்டார் எண்ணிப் பார்ப்பதுண்டு.