ஸ்காட் சோஷியபிள்

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் ஸ்காட் ஆட்டோகார் கம்பெனி 1920-களின் முற்பகுதியில் தயாரித்த மூன்று சக்கரச் சிறு கார். வலப்பக்கம் முன்னும் பின்னுமாக ஒரே வரிசையில் இரண்டு சக்கரங்கள். இடப்பக்கம் பின்னால் ஒன்றே ஒன்று. இடப்புற முன்சக்கரம் கழன்று விழுந்த கார் என்றே பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

இதை வடிவமைத்த ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட் (1875–1923), மோட்டார் சைக்கிள் உலகில் பெரிய பெயர். தண்ணீரால் குளிரூட்டிய அவருடைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் 1912, 1913 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தை வென்றன. முதல் உலகப் போர் வந்ததும் இயந்திரத் துப்பாக்கி ஏற்றிய சைடுகார் வண்டிகளைப் படைக்குச் செய்து கொடுத்தார். சைடுகாரையும் மோட்டார் சைக்கிளையும் தனித்தனியாகச் செய்து இணைப்பதைவிட இரண்டையும் ஒரே சட்டத்தில் கட்டினால் என்ன என்று அவர் யோசித்ததில் ஒரு துப்பாக்கி வண்டி உருவானது. அதைப் படை ஏற்கவில்லை. போர் முடிந்ததும் அதே அமைப்பில் இருவர் அருகருகே உட்காரும் காரைச் செய்ய முனைந்தார். அதற்காக, ஷிப்லியில் தாம் வளர்த்த மோட்டார் சைக்கிள் நிறுவனத்தையே விட்டு விலகினார்.

சோஷியபிள் 1921-இல் விற்பனைக்கு வந்தது. நேரான குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பிணைத்த சட்டம், 578 சிசி இரட்டைச் சிலிண்டர் எஞ்சின், மூன்று கியர், வலப்புறப் பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட் வழியாக இயக்கம், கைப்பிடிக்குப் பதிலாக ஸ்டியரிங் வட்டம். எடையைக் குறைத்து உறுதியைக் கூட்டுவதில் ஸ்காட்டுக்கு இருந்த தேர்ச்சி இந்தச் சட்டத்தில் தெளிவாகத் தெரியும். குறை, சக்கரங்கள் நின்ற இடத்தில்தான் இருந்தது. வலப்பக்கம் திரும்பும்போது பிரேக் பிடித்தால் பாரம் சாய்வது முன்னிடது மூலைக்கு. அங்கே தாங்கச் சக்கரம் இல்லை.

விலையும் கைகொடுக்கவில்லை. தொடக்கத்தில் 273 பவுண்டு. 1922-இல் நான்கு சக்கரங்களோடு வந்த ஆஸ்டின் 7-இன் விலையோ விரைவில் 165 பவுண்டாக இறங்கியது. இலகுவான மூன்று சக்கர வண்டிக்கு ஆண்டுக்கு 4 பவுண்டுதான் வரி என்ற சலுகை அந்த இடைவெளியை ஈடுகட்டப் போதவில்லை. 1924-இல் சோஷியபிள் 135 பவுண்டுக்கே கிடைத்தது. அதற்குள் சந்தை கைவிட்டுப் போயிருந்தது.

குகைகளில் இறங்கி ஆராய்வதில் ஸ்காட்டுக்குத் தீராத ஆர்வம். 1923-இல் அப்படி ஒரு பயணம் முடிந்து ஈர உடையோடு வண்டியோட்டி வீடு திரும்பியவர், நிமோனியா கண்டு இறந்தார். அவருக்குப் பின் நிறுவனம் அதிக நாள் நீடிக்கவில்லை. மொத்தத்தில் சுமார் 200 வண்டிகளே உருவாயின. அவர் விட்டுவந்த ஷிப்லி நிறுவனமோ 1950 வரை அங்கேயே ஸ்காட் மோட்டார் சைக்கிள்களைத் தயாரித்துவந்தது.