வானூர்தி சமைப்போரும் சுழலியந்திரமும்

சீவக சிந்தாமணி கற்றோர் அதில் வரும் மயிற்பொறியை மறவார். தேவி விசயை கண்ட தீக்கனவின் பயனையுணர்ந்த சச்சந்தன், அவளைக் காத்தற்பொருட்டு வானிற் செல்லும் மயிலொன்றைச் செய்வித்தான். பொறியை வலமாகத் திருப்பின் அம்மயில் எழும். இடமாகத் திருப்பின் இறங்கும். கருவுற்றிருந்த தேவியைச் சுமந்து சென்று அது சுடுகாட்டில் இறங்கிற்று. அம்மயிலை இயக்கிய ஆற்றல் யாது என்பதைத் திருத்தக்கதேவர் கூறவில்லை. காவியத்துக்கு அது வேண்டப்படுவதுமன்று. ஆனால், தம் கையாலேயே வானூர்தி சமைக்க முற்பட்டோர் அனைவர்க்கும் முதற்கண் எழுந்த வினா அதுவேயாகும். சிறகு செய்யத் தச்சன் போதும்; துணி போர்த்தத் தையற்காரன் போதும். இயந்திரத்துக்கு எங்குச் செல்வது?

அவ்வினாவுக்கு ஒரு விடையாக இருமுறை தோன்றியது சுழலியந்திரம். முதன்முறை 1908ஆம் ஆண்டளவில்; இரண்டாம் முறை 1957இல். அமைப்பில் இவையிரண்டும் வெவ்வேறானவை. ஆயினும் இவற்றின் வரலாறு ஓருண்மையையே புலப்படுத்துகின்றது. இயந்திரத்திலிருந்து ஒரு பாரத்தை இறக்கி வைப்பவன் வேறொரு பாரத்தைத் தன் தோளில் ஏற்றுக்கொள்கிறான் என்பதே அது.

1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆந் திகதி வானிற் பறந்த றைற் சகோதரர்கள் முதலில் மோட்டார் இயந்திரம் செய்வோர்க்கே கடிதம் எழுதினர். அவர்கள் வேண்டிய எடைக்குள் இயந்திரம் தருவார் ஒருவருமிலர். ஆகவே, அவர்தம் பட்டறையில் வேலைசெய்த சார்ள்ஸ் ரெயிலர் என்பவர் ஏறக்குறைய ஆறு வாரத்தில் ஓர் இயந்திரத்தை உருவாக்கினார். அதன் எடை 80 கிலோகிராம் அளவு. ஆற்றல் 12 பரிவலு. ஒரு பரிவலுவுக்கு ஏழு கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவான எடை. இக்கணக்கை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இதனை மாற்றியமைத்ததே சுழலியந்திரத்தின் பெருமை.

பிரான்சு நாட்டுச் செகன் சகோதரர்கள் ஆக்கிய ‘நோம்’ இயந்திரம் 1908ஆம் ஆண்டின் இறுதியிற் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஏழு உருளைகள் சக்கரத்தின் ஆரைகள்போல் அமைந்தன. பிற இயந்திரங்களில் உருளைகள் அசையாதிருக்க, நடுவிலுள்ள தண்டு சுழலும். நோம் இயந்திரத்திலோ தண்டு விமானத்தோடு பிணிக்கப்பட்டு அசையாதிருக்க, உருளைகள் அனைத்தும் உந்துவிசிறியுடன் ஒன்றாகச் சுழன்றன. சுழலும் உருளைகளைக் காற்றே குளிரச் செய்தது. ஆகவே நீரும் நீர்த்தொட்டியும் வேண்டாவாயின. இயந்திரமே பாரமான சக்கரமாகச் சுழன்றமையால், ஓட்டத்தைச் சீராக்கும் தனிச் சக்கரமும் வேண்டாவாயிற்று. 75 கிலோகிராம் அளவான எடையில் 50 பரிவலு கிடைத்தது. ஒரு பரிவலுவுக்கு ஒன்றரைக் கிலோகிராம்! ஐந்தே ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இஃது.

1909 ஓகத்து மாதத்தில் றெயிம்சு நகரில் விமானப் போட்டி நடைபெற்றது. அதற்குச் சற்று முன்னர்த் தம் விமானத்தின் பழைய இயந்திரத்தைக் கழற்றி நோம் இயந்திரத்தைப் பூட்டினார் ஹென்றி பார்மன். 27ஆந் திகதி அவர் மூன்று மணி நேரத்துக்கு மேலாகப் பறந்து 180 கிலோமீற்றர் தூரத்தைக் கடந்து பரிசு பெற்றார். அதன்பின் விமானஞ் சமைப்போர் பலரும் அவ்வியந்திரத்தையே நாடினர்.

இவ்வேட்கை தமிழ்நாட்டையும் எட்டியது. 1909 யூலை 25ஆந் திகதி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்த செய்தி உலகெங்கும் பரவிற்று. சென்னை மவுண்ட் சாலையில் விடுதி நடத்திய ஜியாக்கோமோ டாஞ்சலிஸ் என்னும் ஐரோப்பியர் தாமே ஒரு விமானத்தை வரைந்து, சிம்சன் நிறுவனத்தாரின் பட்டறையிற் கட்டுவித்தார். 1910 மார்ச்சு மாதத்திற் பல்லாவரத்தில் அது சோதிக்கப்பட்டது. வண்டி கட்டும் பட்டறையில், விடுதிக்காரர் ஒருவரின் வரைபடத்தைக்கொண்டு எழுந்த அவ்விமானம் சிறிய இயந்திரமொன்றால் இயங்கிற்று. தாமே வானூர்தி சமைப்போரின் வரலாறு நம் தமிழ்நிலத்திற்குப் புதியதன்று என்பதற்கு அதுவே சான்று. இலங்கையில் 1912 டிசம்பரிற் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து பிரெஞ்சு வீரர்களான பூர்ப், வெர்மிங் என்போர் பிளேரியோ விமானத்திற் பறந்தனர். அக்காலப் பிளேரியோ விமானங்களுட் பல நோம் இயந்திரம் பூண்டவையே.

இனி, இறக்கிவைத்த பாரத்துக்கு ஈடாக ஏற்றுக்கொண்ட பாரத்தை நோக்குவோம்.

முதலாவது, எண்ணெய். பெற்றோலும் காற்றும் கலந்த ஆவி, பொள்ளலான நடுத்தண்டின் வழியே இயந்திரத்தின் வயிற்றினுட் சென்றது. நிலத்தெண்ணெய் பெற்றோலிற் கரைந்துவிடும். ஆமணக்கெண்ணெயோ எளிதிற் கரையாது. ஆகவே, நம் வேலியோரங்களில் வளரும் ஆமணக்கின் எண்ணெயே அக்காலப் போர்விமானங்களுக்கு உயிராயிற்று. அது மீண்டும் தொட்டிக்குத் திரும்பாமற் புகையோடு வெளியேறி விமானியின் முகத்திற் படிந்தது. பேதிக்கு நம் பாட்டிமார் கொடுத்த மருந்தை விமானிகள் நாடோறும் மூச்சோடு உட்கொண்டனர். அதன் பயனையும் துய்த்தனர். முதலாம் உலகப் போரில் ஆமணக்கு விதையை மிகுதியாக அளித்த நாடு இந்தியாவாகும். 1918இல் அமெரிக்க அரசும் தன் தென்மாநிலங்களில் ஆமணக்குப் பயிரிடுவித்தது.

இரண்டாவது, பம்பரத்தின் இயல்பு. சுழலும் பம்பரத்தைச் சாய்க்க முயன்றால் அது நாம் தள்ளிய திசையிற் சாயாது, வேறொரு திசையில் விலகும். விமானத்தின் மூக்கில் ஒரு பெரும் பம்பரம் சுழன்றால் என்னாகும்? பிரித்தானியரின் ‘சொப்வித் கமெல்’ விமானம் வலப்புறம் திரும்புகையில் மூக்குத் தாழ்ந்தது; இடப்புறம் திரும்புகையில் மூக்கு உயர்ந்தது. கைதேர்ந்தவர்க்கு அது போர்த்திறமாயிற்று. கற்போர் பலர்க்கு உயிரிழப்பாயிற்று. 1917இல் 28ஆம் படைப்பிரிவில் இக்கமெல் விமானத்தைச் செலுத்திய ஹர்தித் சிங் மாலிக் என்னும் இந்தியர் போரிற் காயமுற்றும் உயிர் தப்பினார். பிற்காலத்தில் இந்தியாவின் தூதுவராய்ப் பிரான்சிற் பணியாற்றினார்.

மூன்றாவது குறையே அவ்வியந்திரத்தின் முடிவுக்குக் காரணமாயிற்று. நிமிடத்துக்கு 1,200 அல்லது 1,300 சுற்றுக்கு மேல் விரைவுபடுத்தினால், உருளைகள் காற்றைக் கிழித்துச் சுழல்வதற்கே மிகுந்த ஆற்றல் செலவாயிற்று. எனவே, போர் முடிந்தபின், உருளைகள் அசையாது நிற்கத் தண்டு மட்டும் சுழலும் ஆரை இயந்திரங்கள் அதன் இடத்தைப் பெற்றன.

அவற்றின் முழக்கத்தை நமது மாத்தளை மாவட்டமும் கேட்டுள்ளது. இரண்டாம் உலகப் போரிற் சீகிரியாவில் அமைக்கப்பட்ட விமானத்தளத்திலிருந்து 1943-44இற் பிரித்தானிய விமானப் படையின் 160ஆம் பிரிவு ‘லிபரேற்றர்’ விமானங்களைச் செலுத்தியது. சுமாத்திராக் கரைவரை சென்று படமெடுத்தலும் கடலிற் கண்ணிவெடி இடுதலும் அப்பிரிவின் பணிகளுட் சில. ஒவ்வொரு விமானத்திலும் நான்கு இயந்திரங்கள். ஒவ்வோர் இயந்திரத்திலும் பதினான்கு உருளைகள். ஒவ்வொன்றின் ஆற்றலும் 1,200 பரிவலு. நோம் இயந்திரத்தின் வட்ட வடிவம் அவற்றில் எஞ்சியிருந்தது. சுழலும் உருளைகள் மறைந்துவிட்டன. அத்தளம் இன்று இலங்கை விமானப் படையின் தளமாக விளங்குகின்றது.

சுழலியந்திரம் இரண்டாம் முறை பிறந்தது ஜேர்மனியில். பீலிக்சு வாங்கெல் என்பவர் முசலம் மேலும் கீழும் ஓடி நின்று திரும்புதலை வீண்செயலெனக் கருதினார். பக்கங்கள் சற்றுப் புடைத்த முக்கோண வடிவச் சுழலி ஒன்று, இடை சிறுத்த நீள்வட்ட அறையினுட் சுழலும்போதே உறிஞ்சல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் ஆகிய நான்கு தொழில்களும் நிகழும். முசலமில்லை, வால்வுமில்லை. என்.எஸ்.யூ. நிறுவனத்தில் 1957 பெப்ரவரி முதலாந் திகதி அவ்வியந்திரம் முதன்முதல் இயங்கிற்று. அதிற் சுழலியோடு அதனைச் சூழ்ந்த அறையும் சுழன்றமை வியப்பிற்குரியது. நோம் இயந்திரம் மறுபிறவி எடுத்தாற்போன்ற தோற்றம். அறையை அசையாது நிறுத்திய எளிய வடிவத்தை அந்நிறுவனத்தைச் சேர்ந்த பாஷ்கே என்பவர் 1958இல் உருவாக்கினார். பிற்கால வாங்கெல் இயந்திரங்கள் அதன் வழிவந்தவை.

இங்கும் பாரம் இடம்மாறிற்றேயன்றி நீங்கவில்லை. முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் உள்ள அடைப்புத் துண்டுகள் அறையின் சுவரைத் தேய்த்தன. 1967இல் வெளிவந்த என்.எஸ்.யூ. ஆர்.ஓ. 80 காரின் அடைப்புகள் விரைவில் தேய்ந்து அந்நிறுவனத்தைப் பெரும் இடரில் ஆழ்த்தின. ஹிரோசிமாவின் மாஸ்டா நிறுவனத்தார் தம் சோதனை இயந்திரங்களின் சுவரிற் கண்ட வடுக்களைப் பேயின் நகக்கீறல் என்றே அழைத்தனர். கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் அவர்கள் அக்குறையை ஒருவாறு வென்று 1967இற் கொஸ்மோ காரை வெளியிட்டனர். பின்னர் 13பீ என்னும் இயந்திரத்தையும் ஆக்கினர். வீட்டிலே விமானஞ் சமைப்போரின் கண் சென்று பற்றியது இந்த 13பீ இயந்திரத்தையே.

ஏன் அதனை நாடினர்? விமானத்துக்கெனச் செய்யப்படும் இயந்திரம் விலை மிக்கது. பழைய காரிலிருந்து எடுக்கும் 13பீ மலிவானது. 1,308 கன சென்ரிமீற்றர் கொள்ளளவே உடையதாயினும், நிமிடத்துக்கு 6,000 சுற்று அளவில் ஏறக்குறைய 160 முதல் 180 பரிவலு வரை தரவல்லது. அதன் சுழலி தண்டின் மூன்று சுற்றுக்கு ஒரு முறையே சுழலும்; மேலும் கீழும் ஓடும் முசலமில்லாமையால் அதிர்வு குறைவு. எல்லாவற்றிலும் மேலானது அது பழுதுறும் முறை. வால்வு முறிந்த முசல இயந்திரம் நொடியில் நின்றுவிடலாம். வாங்கெல் இயந்திரத்தின் அடைப்பொன்று கெட்டால் ஆற்றல் குன்றும். ஆயினும் பெரும்பாலும் அது தொடர்ந்து சுழலும். விமானிக்கு அச்சில நிமிடங்களே உயிராகும்.

நம் மாவட்டத்தை மேலிருந்து நோக்குவார்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும். வடக்கிலே தம்புள்ளையும் சீகிரியாவும் சமநிலம். வயலும் வெளியும் உள. தெற்கிலும் கிழக்கிலுமோ நக்கிள்ஸ் மலைத்தொடர் 1,900 மீற்றர் உயரம்வரை எழுந்து நிற்கின்றது. இரத்தோட்டைக்கு மேலே இயந்திரம் நின்றால் இறங்குவதற்குத் தேயிலைச் சரிவும் காடுமே உண்டு. அங்கே முற்றாக நின்ற இயந்திரத்துக்கும் அரையாற்றலோடு ஓடும் இயந்திரத்துக்கும் உள்ள வேறுபாடு, வாழ்வுக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாகும்.

இவ்வளவில் முடிவு செய்துவிடுதல் தகாது. உந்துவிசிறி நிமிடத்துக்கு 2,700 சுற்றளவிலேயே நன்கு இயங்கும். அதற்குமேல் அதன் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கும். விமானத்துக்கெனச் செய்த லைக்கோமிங் போன்ற இயந்திரங்கள் அவ்வேகத்திலேயே தம் முழு ஆற்றலையும் தருவதால் விசிறியைத் தண்டிலேயே பூட்டலாம். 13பீ இயந்திரத்துக்கோ வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரப் பெட்டி இடையில் வேண்டும். நீரைக் குளிர்விக்க ஓர் அமைப்பும், சூட்டின் ஒரு பங்கை ஏற்கும் எண்ணெயைக் குளிர்விக்க இன்னோர் அமைப்பும் வேண்டும். புகைபோக்கி கடுஞ்சூடும் பேரொலியும் உடையது. எரிபொருட் செலவும் கூடுதலானது. லைக்கோமிங் இயந்திரத்தின் பற்றவைப்பு, மின்கலத்தை நம்பாது தானே இயங்கும். 13பீயின் பற்றவைப்பும் எரிபொருட் செலுத்துகையும் மின்சாரத்தையே நம்புவன. மின்சாரம் அற்றால் எத்துணை நல்ல சுழலியும் வெறும் இரும்பே.

ஆகவே, சுழலியின் உறுதியைக் கொண்டு மட்டும் விமானத்தின் உறுதியை மதிப்பிடுதல் பிழையாகும். சுழலி கெடாமலே நீர்க்குழாய் வெடிக்கலாம், பற்சக்கரம் முறியலாம், கம்பி அறலாம். இவற்றைச் செய்தவன் தொழிற்சாலையிலுள்ள பொறியியலாளனல்லன், விமானஞ் சமைத்தவனே. மலிவான இயந்திரத்தை வாங்கியவன், எஞ்சிய விலையைத் தன் ஆண்டுக்கணக்கான உழைப்பாலும் விழிப்பாலும் செலுத்துதல் வேண்டும். அவ்விலையைச் செலுத்தி நெடுங்காலம் நலமே பறந்தோர் உளர். அதனைச் செலுத்தாது பறக்க முயல்பவன் தன் உயிரையே பிணையாக வைக்கின்றான்.

இன்று இவ்வியந்திரத்தின் நிலை என்ன? ஆர்.எக்ஸ்-8 காரின் உற்பத்தி 2012இல் நின்றது. 2023இல் மாஸ்டா நிறுவனம் மின்னாக்கியை இயக்கும் சிறிய சுழலியந்திரமொன்றை மீண்டும் காரில் அமைத்தது. வானிலோ, சிறிய வாங்கெல் இயந்திரங்கள் ஆளில்லா விமானங்களில் இடம்பெற்றன; அமெரிக்கரின் ‘ஷாடோ’ அத்தகையது. வலவன் இல்லாமற் செல்லும் வானவூர்தியைப் புறநானூற்றுப் புலவர் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புகழுடையோர் விண்ணுலகு சேர்வதற்கான ஊர்தியாகக் கண்டார். நம் காலத்து ஆளில்லா ஊர்திகள் பெரும்பாலும் போருக்கே பிறந்தன. நம் நாட்டின் போர்க்காலத்திற் தலைக்குமேல் அவை வட்டமிட்ட ஓசையை வடபுலத்தார் மறவார். பொறிக்கு அறமில்லை; அதனை ஏவுவோனிடத்தேதான் அறம் இருத்தல் வேண்டும்.

மயிற்பீலியேயாயினும் அளவு கடந்து ஏற்றின் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் அறிவுறுத்தினார். அரசர்க்குச் சொன்ன அறிவுரை அது. வானூர்தி சமைப்போர்க்கும் அதனினும் பொருத்தமான ஒன்றைக் கூறல் அரிது. செயலின் வலியையும் தன் வலியையும் முன்னரே எடையிட்டவன் எவ்வியந்திரத்தையும் தேர்ந்துகொள்ளலாம். சச்சந்தன் தான் ஏறித் தப்பும்பொருட்டு மயிற்பொறி செய்வித்தானல்லன். தன் உயிரினும் இனியவளை அதில் ஏற்றியனுப்பினான். விமானஞ் சமைக்க விழையும் இளைஞனும் இயந்திரத்தைத் தெரியுமுன் தன்னை ஒன்று கேட்டுக்கொள்ளல் வேண்டும்: ‘என் கையாற் பூட்டிய இதில் என் தாயை ஏற்றுவேனா?’ ஏற்றுவேன் என்று அவன் உள்ளம் ஐயமின்றிக் கூறுங்காறும் அவ்வூர்தி தரையில் நிற்பதே நன்று.