மறைந்திருக்கும் தையல்: கெல்லி கைப்பையும் சேணத் தொழிலின் தொடர்ச்சியும்

எர்மேஸ் நிறுவனத்தின் கெல்லி கைப்பை இரண்டு முறைகளில் தைக்கப்படுகிறது. ‘செலியே’ முறையில் தோல்களை அடுக்கி வெளிப்புறமாகவே தைப்பர். தையலும் தோலின் வெட்டு விளிம்பும் கண்ணுக்குத் தெரியும். ‘ரெதூர்னே’ முறையில் உட்புறம் வெளியே இருக்கும்படி தைத்துப் பின்னர் புரட்டுவர். தையல் உள்ளே மறைந்துவிடும். பிரெஞ்சில் ‘செலியே’ என்றால் சேணம் செய்பவர். அந்தச் சொல் இப்பைக்கு வெறும் அலங்காரமா, தொழிலின் எச்சமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

அலங்காரமே என்பது ஒரு தரப்பின் கருத்து. தியரி எர்மேஸ் 1837இல் பாரிஸில் தொடங்கிய குதிரைச் சாதனப் பட்டறை மோட்டார் வண்டியின் வருகையால் தடம் மாறியது. அதன்பின் குதிரை விளம்பரச் சின்னமாக மட்டுமே எஞ்சியது என்பர். இதற்குப் பெயர் மாற்றமே சான்றாகிறது. 1930களின் ‘சாக் அ தெபேஷ்’ பை, 1956இல் வெளியான, நடிகை கிரேஸ் கெல்லி இப்பையை ஏந்திய ஒளிப்படத்தால் புகழ்பெற்று, 1977இல் ‘கெல்லி’ ஆனது. பெயர் பின்னால் வந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பெயரின் வரலாறு வேறு, பொருளின் வரலாறு வேறு.

பொருளின் வரலாற்றைத் தையலில்தான் படிக்க முடியும். முதலில் பல் வைத்த கருவியால் துளைகளுக்கான இடங்கள் சாய்வாகக் குறிக்கப்படுகின்றன. தோலை மரக் கவ்வியில் இறுக்கி, கவ்வியைக் கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டு, கைவினைஞர் குத்தூசியால் துளையிடுகிறார். தேன்மெழுகு தேய்த்த ஒரே லினன் நூலின் இரு முனைகளிலும் ஊசிகள். எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து வரும் அவ்விரண்டும் ஒரே துளையில் புகுந்து கடக்கின்றன. இதுவே சேணத் தையல். இயந்திரத் தையலில் மேல் நூல் மேலேயும் கீழ் நூல் கீழேயும் ஓடி, தோலின் நடுவே மட்டும் கொக்கிபோல் மாட்டிக்கொள்கின்றன. ஒன்று அறுந்தால் அடுத்தடுத்த தையல்களும் உருவிக்கொள்ளும். சேணத் தையலில் ஓரிடம் அறுந்தாலும், அதே துளைகளின் வழியே ஓடும் மறுபாதி நூல் தோலை விடாது. சவாரி செய்பவரின் உயிர் வாரை நம்பியிருந்த தொழிலில் இந்த உறுதி கட்டாயத் தேவை.

கைப்பைக்கு அவ்வளவு உறுதி வேண்டியதில்லை. ஆகவே இது காட்சிக்கான தையல் என்று வாதிடலாம். செலியே பையை மட்டும் பார்த்தால் இவ்வாதம் பொருந்துவதுபோலவே தோன்றும். ரெதூர்னே பை அதற்கு இடம் தரவில்லை. அதன் உடற்பகுதியும் கையால், அதே இரு ஊசி முறையில்தான் இணைக்கப்படுகிறது. புரட்டியபின் அந்த இணைப்பு வாங்குபவர் கண்ணில் படுவதே இல்லை. காட்சிக்கு மட்டுமே உரியதாக இருந்தால், காட்ட முடியாத இடத்தில் அத்தனை உழைப்புக்கு வேலையில்லை. தோல் இரண்டு சேரும் இடம் என்றால் கை இப்படித்தான் இயங்கும் என்ற பட்டறைப் பயிற்சியே இதற்குப் பொருத்தமான விளக்கமாகப் படுகிறது.

உட்பைகள் போன்ற சில பகுதிகளில் இயந்திரத் தையலும் உண்டு என்பது இம்முடிவைப் பாதிக்காது. பளுவைத் தாங்குபவை அவையல்ல. கைவேலையால் விலை ஏறுகிறது என்பதும் உண்மையே. ஆனால் அது விளைவு, தோற்றுவாய் அன்று. தோற்றுவாய் குதிரைச் சாதனத்தில் இருக்கிறது. 1900ஐ ஒட்டி எர்மேஸில் உருவான ‘ஓ அ கூர்வா’ பை சவாரிக்காரரின் சேணத்தையும் காலணிகளையும் சுமப்பதற்கானது. குதிரைச் சாதனத்துக்கும் கைப்பைக்கும் இடையில் அதுவே பாலம்.

ஒரு பையைப் பெரும்பாலும் ஒரே கைவினைஞர் தைத்து முடிப்பதும், பழுது வந்தால் பழைய துளைகளிலேயே மீண்டும் தைக்க முடிவதும் இத்தொடர்ச்சியின் பகுதிகள். ஆகவே 1977இன் பெயரைக் கொண்டு இப்பையின் மரபை அளக்க இயலாது. அதற்கு உரிய சான்று புரட்டிய தோலுக்குள் இருக்கிறது.