பூச்சியம் இல்லாத இலக்கம்

தரம் ஐந்து கணிதத்தில் உரோம இலக்கங்கள் ஓர் ஓரத்தில் வந்துபோகின்றன. ஐ என்றால் ஒன்று, வி என்றால் ஐந்து, எக்ஸ் என்றால் பத்து. மணிக்கூடு பார்க்கவும் வினாத்தாளின் பகுதிகளைப் பிரித்தறியவும் அதுவே போதும் என்று நாமும் கடந்துவிடுகிறோம். எமது பாடசாலையில் கடைவீதி முஸ்லிம் பிள்ளைகளும், இறப்பர்த் தோட்ட லயங்களிலிருந்து நடந்துவரும் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படிக்கிறார்கள். ஒருநாள் லயத்துச் சிறுமியொருத்தி எழுந்து, "சேர், இதுல பூச்சியத்த எப்படி எழுதுறது?" என்று கேட்டாள். இதில் பூச்சியமே இல்லை என்றேன். "அப்ப எப்படிக் கணக்குப் பார்த்தாங்க?" என்றாள். பாடவேளை முடிந்து மணி அடித்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது.

உரோமர் கணக்குப் பார்த்தது எழுத்திலன்று, பலகையில். சிறு கற்களை நகர்த்திக் கூட்டினார்கள், கழித்தார்கள். வந்த விடையைப் பதிந்துவைக்கவே இந்த எழுத்துக்கள். 1907 என்ற ஆண்டை எடுத்துக்கொள்வோம். எம் என்பது ஆயிரம். சி எம் என்பது ஆயிரத்துக்கு நூறு குறைவு, அதாவது தொளாயிரம். வி ஐ ஐ என்பது ஏழு. இதையே பழைய தமிழ் இலக்கத்தில் ௲௯௱௭ என்று எழுதினார்கள்: ஆயிரம், ஒன்பது நூறு, ஏழு. இரண்டிலும் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. ஆகவே பூச்சியம் தேவைப்படவில்லை. நாம் இன்று எழுதும் 1907இலோ, "இங்கே பத்து எதுவும் இல்லை" என்று சொல்வதற்கே ஒரு குறி நிற்கிறது. அந்தக் குறி வந்த பின்னரே எழுதிய இலக்கங்களை வைத்தே இலகுவாகக் கணக்குச் செய்ய முடிந்தது.

1907ஐ நான் காரணத்தோடுதான் எடுத்தேன். தோட்டங்களில் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமார் மீது சுமத்திய கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் அந்த ஆண்டில்தான் வந்தது. சட்டம் வந்தாலும், எழுத்தும் இலக்கமும் லயத்துக்குள் நுழைய நீண்ட காலம் சென்றது. அதற்கு முன்னரே தொழிலாளியைச் சுற்றி இலக்கங்கள் நிறைந்துவிட்டிருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்கு எழுத்தும் இலக்கமும் பொறித்த தகரத் துண்டு கொடுக்கப்பட்டது. எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்பதை அது சொல்லும். செக்ரோலில் அன்றாடம் முழுப்பேரா அரைப்பேரா என்று பதியப்பட்டது. ஒரு கூட்டத்தின் கடன் எவ்வளவு என்பதைக் காட்டிய 'துண்டு' முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. அக்காலத்துச் சதக்காசில் ஏழாம் எட்வேர்ட் மன்னரின் பெயருக்குப் பின்னே வி ஐ ஐ என்ற உரோம ஏழு நின்றது. மன்னருடைய இலக்கமும் தொழிலாளியுடைய இலக்கமும் தொழிலாளியின் மடியிலேயே இருந்தன. அவற்றை வாசிக்கத் தெரிந்தவர் கணக்கப்பிள்ளையாகவோ கங்காணியாகவோ கடைக்காரராகவோ இருந்தார்.

இலக்கம் என்று வந்தால் நாம் பெருமை பேசுவது வழக்கம். உலகம் எழுதுவது அறபு இலக்கம் என்போம். உண்மையில் அறபிகள் அதை இந்திய இலக்கம் என்றே அழைத்தார்கள். பூச்சியத்தைக் கொண்டு கணக்குச் செய்யும் விதிகளைப் பிரம்மகுப்தர் 628இல் எழுதினார். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி இந்தியக் கணக்குமுறை பற்றி நூல் செய்தார். அதன் அறபு மூலம் கிடைக்கவில்லை, இலத்தீன் வடிவமே எஞ்சியது. வட ஆபிரிக்காவில் இம்முறையைக் கற்ற பிபொனாச்சி 1202இல் அதை இத்தாலிக்கு விளக்கி எழுதினார். ஆயினும் 1299இல் புளோரன்ஸ் நகர நாணயமாற்று வணிகர் சங்கம் தன் உறுப்பினர்களின் கணக்கேடுகளில் இந்தப் புதிய இலக்கங்களுக்குத் தடை போட்டது. பிறருக்கு விளங்காத இலக்கத்தில் கணக்கு இருந்தால் நம்பிக்கை கெடும் என்பதை அன்றைய வணிகர் அறிந்திருக்க வேண்டும்.

நம்மிடம் அப்ஜத் என்ற எழுத்திலக்கமும் உண்டு. அலிபுக்கு 1, பேக்கு 2, யாவுக்கு 10, கைனுக்கு 1000. உரோம இலக்கத்தைப் போலவே இதுவும் எழுத்தால் ஆனது, பூச்சியம் அற்றது. பிஸ்மில்லாஹ்வின் எழுத்துக்களைக் கூட்டினால் வரும் 786ஐ நம் கடைக்காரர்கள் கணக்கேட்டின் தலையில் எழுதிவந்தார்கள். அது பிஸ்மில்லாஹ்வுக்கு ஈடாகாது என்போரும் உண்டு.

எங்கள் குடும்பத்துப் பழைய கடையின் கொப்பியொன்று வீட்டில் இருக்கிறது. தலையில் 786. கீழே அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய். பெரும்பாலும் தோட்டத்துப் பெயர்கள். தொகைகள் தமிழ் இலக்கத்தில். கலாசாலையில் பயிற்சி பெற்று, பிள்ளைகளுக்கு உரோம இலக்கம் படிப்பிக்கும் என்னால் அந்தப் பக்கத்தை உடனே வாசிக்க முடியவில்லை. ௰, ௱ குறிகளைத் தேடி ஒப்பிட்டுத்தான் வாசித்தேன். வாசித்தபோது வேறொன்று உறைத்தது. பகரா அத்தியாயத்தின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைக்கச் சொல்கிறது. கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்லவேண்டும், எழுதுபவர் நீதியாக எழுதவேண்டும் என்கிறது. இந்தக் கொப்பியில் பெயருள்ளவர்களில் எத்தனை பேர் தம் பெயருக்கு நேரே இருந்த தொகையை வாசித்திருப்பார்கள்? நம் முன்னோர் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. வாசிக்கத் தெரியாதவரின் கணக்கை வைத்திருந்தார்கள். அந்தப் பொறுப்பு சிறிதல்ல.

அடுத்த பாடவேளையில் கரும்பலகையில் 1907ஐ மூன்று விதமாக எழுதிக் காட்டினேன். பின்னர் 2015ஐ எழுதச் சொன்னேன். அந்தச் சிறுமி உரோமத்தில் எம் எம் எக்ஸ் வி என்றும், தமிழில் ௨௲௰௫ என்றும் பிழையின்றி எழுதினாள். நான் பழைய கொப்பியைப் பற்றிச் சொன்னதும், "அதுல எங்க பூட்டன் பேரு இருக்குமா சேர்?" என்றாள்.

இருக்கலாம் என்றேன். திங்கட்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன். தொகையை அவளே வாசிக்கட்டும்.